கலைவாணர் என்.எஸ்.கே. வெறும் காமெடி நடிகர்தானா? நாகர்கோவில்ல இருந்து ஒரு நீளமான பதில்

"அண்ணாச்சி, மணிமேடை பக்கமா போறப்ப எல்லாம் கலைவாணர் சிலைய பாக்குறேன், பிறந்தநாள் அன்னைக்கு மாலை போடுறாங்க, ஆனா போன்ல அவரு காமெடி கிளிப் ரெண்டு மூணு பாத்தேன், எனக்கு சிரிப்பு வரல. நம்ம ஊர்க்காரர்ங்கறதுக்காக தூக்கி வச்சு பேசுறோமா, இல்ல நெசமாவே அவ்வளவு பெரிய நடிகரா?" பெங்களூர்ல வேலை பாக்குற நம்ம ஊர் தம்பி ஒருத்தர் கேட்ட கேள்வி இது. ரெண்டு வரியில பதில் சொல்லிட்டு போக மனசு வரல, அதான் உக்காந்து எழுதுறேன்.

தம்பி, நெசமாவே பெரிய ஆளுதான். ஊர்ப்பாசத்துல சொல்லல. ஆனா நீ பாத்த மாதிரி ரெண்டு நிமிஷமா வெட்டின துண்டுல அவர பாத்தா சிரிப்பு வராது, அது உன் குத்தமும் இல்ல. இன்னைக்கு காமெடின்னா ஒரு வரி, ஒரு கவுண்டர், முடிஞ்சுது. கலைவாணர் செஞ்சது கதை சொல்றது. பாட்டா கொஞ்சம், பேச்சா கொஞ்சம், நடுவுல ஒருத்தர் கேள்வி கேக்க இவரு பதில் சொல்ல, அப்படியே சுத்தி வந்து கடைசியில ஒரு விஷயத்த நம்ம கையில குடுத்துட்டு போவாரு. இது எங்க இருந்து வந்துச்சுன்னு நினைக்கிற? நம்ம ஊர் கோவில் கொடை, அதாவது கோவில் திருவிழாவுல இருந்து. வில்லுப்பாட்டுல இருந்து. என்னைக் கேட்டா அவரோட மொத்த வாழ்க்கையையும் புரிஞ்சுக்க அந்த வில்லுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

பிறந்தது 1908 நவம்பர் 29, ஒழுகினசேரி. உனக்கு தெரியும், வடசேரி தாண்டி திருநெல்வேலி ரோட்டுல பழையாறு பக்கத்துல, சோழராஜா கோவில் இருக்குற இடம். அன்னைக்கு அது மெட்ராஸ் மாகாணம் இல்ல, திருவிதாங்கூர் ராஜ்ஜியம். அப்பா பேரு சுடலைமுத்து பிள்ளை, அம்மா இசக்கியம்மாள். சுடலைமாடனும் இசக்கியம்மனும் நம்ம ஊர் வில்லுக்கு எவ்வளவு முக்கியம்னு கொடை பாத்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அந்த ரெண்டு சாமி கதையும் பாடாத வில்லுக்காரரே தென்பக்கம் கிடையாது. அப்படி ஒரு வீட்டுல, அப்படி ஒரு ஊர்ல பிறந்த பையன். வீட்டுல கஷ்டம். படிப்பு சின்ன வயசுலயே நின்னுபோச்சு. காலையில டென்னிஸ் கோர்ட்ல பந்து பொறுக்கி போடுற வேலை, பகல்ல மளிகைக் கடையில பொட்டலம் மடிக்கிற வேலை, சாயந்திரம் நாடகக் கொட்டகையில தின்பண்டம் விக்கிற வேலைன்னு அவரோட சின்ன வயசைப் பத்தி சொல்லுவாங்க. அந்த கடைசி வேலைதான் அவர மாத்திருச்சுன்னு நான் நம்புறேன். தின்பண்டத் தட்டோட கொட்டகைக்குள்ள சுத்துற பையனுக்கு மேடையும் தெரியும், அதவிட முக்கியமா கீழ உக்காந்திருக்குற ஜனங்களோட முகமும் தெரியும், எந்த இடத்துல சிரிக்கிறான், எந்த இடத்துல கொட்டாவி விடுறான், எல்லாம் தெரியும்.

கலைஞரா அவரு ஆரம்பிச்சதே வில்லுப்பாட்டுலதான். வில்லுல நடுவுல உக்காந்து பாடுறவரு கதைய எடுத்துக்கிட்டு போவாரு, வீசுகோலால வில்ல தட்டுவாரு, மணி குலுங்கும், பக்கத்துல குடம் அடிக்கிறவரு, உடுக்கைக்காரரு, பின்பாட்டு பாடுறவங்க. பாடுறவரு ஒண்ணு சொன்னா பின்பாட்டுக்காரரு "ஆமா" போடணும், சில இடத்துல வேணும்னே தெரியாத மாதிரி குறுக்க கேள்வி கேக்கணும், அப்பதான் பாடுறவரு விளக்கி சொல்ல ஒரு சாக்கு கிடைக்கும், ஜனங்களுக்கும் சிரிக்க ஒரு இடம் கிடைக்கும். ராத்திரி முழுக்க ஆளுங்கள தூங்க விடாம உக்கார வைக்கிறது அந்த கேள்வி பதில்தான். இப்ப நீ கலைவாணரும் அவரு மனைவி டி.ஏ. மதுரமும் ஜோடியா வர்ற எந்த சீனையாவது முழுசா எடுத்துப் பாரு, அந்தம்மா குறுக்க கேப்பாங்க, மடக்குவாங்க, இவரு சுத்தி வளைச்சு பதில் சொல்லுவாரு, அப்புறம் பாட்டா மாறும். அச்சு அசல் வில்லு அமைப்பு. வில்லு மட்டும் தான் இல்ல.

1925ல டி.கே.எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்துல நாடகக் கம்பெனி ஆரம்பிச்சாங்க, ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. பையங்கள வச்சு நடத்துற பாய்ஸ் கம்பெனி. அதுல போய் சேந்தாரு. நாடகக் கம்பெனி வாழ்க்கைன்னா பாட்டு, நடிப்பு, வேஷம், சீன் கட்டுறது எல்லாம் ஒரே இடத்துல கத்துக்கலாம், ஊர் ஊரா சுத்தணும், சில நேரம் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. அந்த காலத்து நடிகருங்க எல்லாரும் அந்த வழிதான் வந்தாங்க, அதனால இத ரொம்ப நீட்ட வேண்டாம்.

சினிமாவுக்கு வந்தது 1935, 36. எல்லிஸ் ஆர். டங்கன்னு ஒரு அமெரிக்கர் எடுத்த சதிலீலாவதி படத்துல முதல்ல ஒப்பந்தம் ஆனாரு, ஆனா டி.கே.எஸ். கம்பெனியோட மேனகா படம் 1935லயே முன்னாடி வெளிவந்துருச்சு. சதிலீலாவதி வந்தது 1936. அந்த ஒரே படத்துலதான் எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா, கே.ஏ. தங்கவேலு எல்லாரும் சினிமாவுக்குள்ள காலடி வச்சாங்க. ஒரே கூரைக்குள்ள எத்தன பேரு பாரு! எம்.ஜி.ஆருக்கு அதுல சின்ன போலீஸ் வேஷம். பின்னாடி எம்.ஜி.ஆர். பல இடத்துல கலைவாணர தன்னோட வழிகாட்டின்னு சொல்லியிருக்காரு, ஈகைக் குணத்த அவருகிட்டதான் கத்துக்கிட்டேன்னும் சொல்லுவாரு.

டி.ஏ. மதுரத்தப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா பாதி பேரு அவங்கள "ஜோடி நடிகை"ன்னு ஒரு வார்த்தையில தள்ளிட்டு போயிடுறாங்க. திருச்சிக்காரங்க. 1936ல வசந்தசேனா படத்துக்காக புனாவுக்கு போனப்பதான் ரெண்டு பேரும் பழக்கம் ஆனாங்க, அங்க செலவுக்கு பணம் இல்லாம தவிச்சப்ப மதுரம் தான் பணம் குடுத்து உதவினாங்கன்னு அந்த காலத்து ஆளுங்க சொல்லுவாங்க. அங்கேயே கல்யாணமும் ஆயிருச்சு. அவருக்கு ஏற்கனவே ஊர்ல கல்யாணம் ஆயிருந்துச்சு, அத மறைச்சுதான் இந்த கல்யாணம் நடந்துச்சு, அப்புறம் தெரிஞ்சு சண்டையும் வந்துச்சு. நான் இத மூடி மறைச்சு எழுத விரும்பல, அது அந்தம்மாவுக்கு செஞ்ச அநியாயம்தான். ஆனா நடிப்புன்னு வந்தா மதுரம் ஒரு அடி கூட பின்னாடி நின்னது கிடையாது. இவரு சொல்றதுக்கு தலையாட்டுற மனைவி வேஷம் அவங்க செய்யவே இல்ல, பல சீன்ல ஜெயிக்கிறது அவங்கதான், இவரு முட்டாளா நிப்பாரு. 1940கள்ல தமிழ் சினிமாவுல ஒரு பொண்ணு கணவன பேச்சுல மடக்கி ஜெயிக்கிறத ஊர் ஊரா ஜனங்க பாத்து ரசிச்சாங்கன்னா அது சின்ன விஷயமா?

இனி அவரு செஞ்ச ஒரு பெரிய மாத்தம். அதுக்கு முன்னாடி படத்துல காமெடின்னா கதையில வர்ற வேலைக்காரன், விதூஷகன், அவ்வளவுதான். கலைவாணர் என்ன செஞ்சாருன்னா தனக்குன்னு ஒரு குழு வச்சுக்கிட்டாரு, எழுதுறவங்க, கூட நடிக்கிறவங்க, டி.எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி மாதிரி ஆளுங்க, அவங்கள வச்சு தனிக் கதையா ஒரு குட்டிப் படமே எடுத்து அத பெரிய படத்துக்குள்ள சேத்து குடுத்தாரு. ஹீரோ கதை ஒரு பக்கம் ஓடும், கலைவாணர் கதை ஒரு பக்கம் ஓடும். தமிழ் சினிமாவுல காமெடி ட்ராக்னு இன்னைக்கு வரைக்கும் சொல்றோமே, அத ஒரு முறையா நிலைநாட்டினது இவருதான். எழுத்து அவரு கையில, நடிகர்கள் அவரு கையில, அதனால அவரு சொல்ல நினைச்சத தயாரிப்பாளர் தடுக்க முடியல. வில்லுல நடுவுல உக்காந்தவருதான் எல்லாத்துக்கும் பொறுப்பு, அதே மாதிரி.

நாப்பதுகள்ல அவரு இல்லாத பெரிய படம் குறைவு. சகுந்தலைல எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்ரமணியமும், நடுவுல இவரும் துரைராஜும் மீனவங்களா வந்து அடிச்ச லூட்டி. 1941ல அலிபாபாவா அவரே நாயகன். அசோக்குமார், கண்ணகி, சிவகவி, மங்கம்மா சபதம், அப்புறம் 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ். அது மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்த படம். தியாகராஜ பாகவதர் பாடுவாரு, கலைவாணர் சிரிக்க வைப்பாரு, அந்த ஜோடிதான் அன்னைக்கு தமிழ் சினிமா.

அந்த உச்சத்துலதான் இடி விழுந்துச்சு. லட்சுமிகாந்தன்னு ஒருத்தரு சினிமா தூது, அப்புறம் இந்துநேசன்னு பத்திரிகை நடத்தினாரு, நடிகருங்களோட அந்தரங்கத்தக் கிளறி எழுதுறதுதான் தொழிலே. 1944 நவம்பர் 8ஆம் தேதி மெட்ராஸ் வேப்பேரி பக்கம் ரிக்ஷாவுல போறப்ப அவர குத்திட்டாங்க, அடுத்த நாள் ஆஸ்பத்திரியில செத்துட்டாரு. அந்தக் கொலை சதியில சம்பந்தம்னு சொல்லி பாகவதர், கலைவாணர், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு எல்லாரையும் கைது பண்ணாங்க. நாயுடு விடுதலை ஆயிட்டாரு. பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945 மே மாசம் ஆயுள் தண்டனை. மேல்முறையீடும் தோத்துச்சு. அப்புறம் அன்னைக்கு கடைசி மேல்முறையீட்டு கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், அவங்க வழக்க திருப்பி ஹைகோர்ட்டுக்கே அனுப்ப, 1947 ஏப்ரல்ல ரெண்டு பேரும் குத்தமில்லன்னு விடுதலை. சுதந்திரத்துக்கு நாலு மாசம் முன்னாடி. ரெண்டு வருஷத்துக்கு மேல ஜெயில், அதுவும் முப்பத்தாறு முப்பத்தேழு வயசுல, ஒரு நடிகனுக்கு அதுதான் பொன்னான வயசு.

அந்த ரெண்டு வருஷமும் மதுரம் என்ன செஞ்சாங்கங்கறதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்ப பிடிச்ச இடம். வழக்குக்கு பணம் வேணும், குழுவுல இருக்குறவங்களுக்கு சோறு போடணும், அழுதுகிட்டு உக்காரல, என்.எஸ்.கே. பேர்லயே நாடக சபா ஆரம்பிச்சாங்க. எஸ்.வி. சகஸ்ரநாமம் பொறுப்பெடுத்து நடத்தினாரு. பைத்தியக்காரன் நாடகம் அங்க போட்டதுதான். அப்புறம் அங்க இருந்து கே.ஆர். ராமசாமி பிரிஞ்சு போய் தனியா ஒரு சபா ஆரம்பிச்சப்ப அதுக்கும் கிருஷ்ணன் நாடக சபான்னு இவரு பேருதான் வச்சாரு. அண்ணாதுரை எழுதின ஓர் இரவு, வேலைக்காரி ரெண்டும் அந்த சபாவுலதான் மேடை ஏறிச்சு. யோசிச்சுப் பாரு, மனுஷன் ஜெயிலுக்குள்ள இருக்காரு, வெளிய அவரு பேரு வச்ச கொட்டகையில தமிழ்நாட்டு அரசியலையே மாத்தப்போற எழுத்துக்கு அஸ்திவாரம் போடுறாங்க. அவரு வளத்துவிட்ட ஆளுங்க, அவரு இல்லாமலேயே அவரு வேலைய செஞ்சாங்க.

வெளிய வந்தப்ப பாகவதருக்கும் இவருக்கும் நடந்தது வேற வேற. பாகவதரால பழைய இடத்துக்கு வரவே முடியல, படங்க ஓடல, 1959ல காலமாயிட்டாரு. கலைவாணர் திரும்ப எழுந்து நின்னாரு. ஏன்னு பல பேரு பல விதமா சொல்லுவாங்க, என் அபிப்ராயம் இதுதான்: பாகவதர் ஒரு கனவு, சில்க் ஜிப்பா, வைரக்கடுக்கன், அந்தக் குரல், ஜனங்க அண்ணாந்து பாத்த ஆளு. ஜெயில் அந்தக் கனவ கலைச்சிருச்சு. கலைவாணர ஜனங்க எப்பவுமே அண்ணாந்து பாக்கல, பக்கத்துல உக்காந்து பேசுற ஆளாத்தான் பாத்தாங்க. பக்கத்து வீட்டு ஆளு ஜெயிலுக்கு போய்ட்டு வந்தா என்ன, திரும்ப திண்ணையில உக்காந்து பேச ஆரம்பிச்சா நாமளும் உக்காருவோம். பைத்தியக்காரன் 1947லயே படமா வந்துச்சு, அவரும் அதுல நடிச்சாரு. எஸ்.எஸ். வாசன் சந்திரலேகாவுல இவரையும் மதுரத்தையும் சேத்தாரு, 1948. கலைவாணர்ங்கற பட்டமும் 1947ல, பம்மல் சம்பந்த முதலியார் குடுத்தது.

1949ல வந்த நல்லதம்பி. இதுல கொஞ்சம் நின்னு பேசணும். அவரோட சொந்தக் கம்பெனி படம், அவரே நாயகன், கிருஷ்ணன் பஞ்சு டைரக்ஷன், வசனம் அண்ணாதுரை. அண்ணா எழுதி திரைக்கு வந்த முதல் படமே இதுதான். மதுவிலக்குப் பிரச்சாரமும் உண்டு. அதுல கிந்தனார் காலட்சேபம்னு, பாட்டும் பேச்சுமா கதை சொல்ற ஒரு பகுதி. நந்தனார் கதை உனக்கு தெரியும், சேரியில பிறந்தவரு சிதம்பரம் போகணும்னு தவிச்சு, கடைசியில தீயில இறங்கி போன கதை. கலைவாணர் அதே காலட்சேப மெட்டுல, காலட்சேபம் பண்றவங்களோட அதே தோரணையில, கிந்தன்னு ஒரு சேரிப் பையன் கதைய சொல்றாரு. இவன் போக ஆசைப்படுறது சிதம்பரத்துக்கு இல்ல, பட்டணத்துக்கு, படிக்க. ரயில் ஏறிப் போறான், படிக்கிறான், கல்வி அதிகாரியாகி திரும்பி வர்றான். பாட்டு உடுமலை நாராயண கவி. தீயில இறங்க வேண்டாம், பள்ளிக்கூடத்துல ஏறுன்னு சொல்ற கதை அது, அதுவும் ஒருத்தரையும் திட்டாம, சிரிச்சுக்கிட்டே, பக்திக் கதை கேக்க உக்காந்த ஆளுங்கள வச்சே கேக்க வைக்கிற மாதிரி.

இத நம்ம ஊர்க்காரன் கண்ணால பாக்கணும் தம்பி. ஒழுகினசேரியில இருந்து சுசீந்திரம் எவ்வளவு தூரம்? அந்தக் கோவில சுத்தி இருக்குற தெருவுல நடக்கக் கூட ஒரு சாராருக்கு அனுமதி கிடையாது, அதுக்காக 1926ல டாக்டர் எம்.இ. நாயுடு மாதிரி ஆளுங்க முன்னின்னு சத்தியாகிரகம் நடந்துச்சு. அப்ப இவருக்கு பதினேழு வயசு. திருவிதாங்கூர்ல ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12, அப்ப இருபத்தெட்டு ஆகப்போகுது. அதாவது இவரு வளந்த ஊர்ல கோவில் வாசல்ல யாரு நிக்கலாம், யாரு நிக்கக்கூடாதுன்னு நடந்த சண்டை புத்தகத்துல படிச்சது இல்ல, பக்கத்து ஊர் சமாச்சாரம். கிந்தனார் அங்க இருந்து வந்ததுன்னு நான் அடிச்சு சொல்ல வரல, ஆனா அந்த மண்ணுல வளந்த ஒருத்தரு அந்தக் கதைய பாடுறப்ப அதுல ஒரு கனம் இருக்கு, எனக்கு ஒவ்வொரு தடவையும் அது தெரியுது.

காந்தி மேலயும் உயிரா இருந்தாரு, அண்ணா கூடயும் நெருக்கம், ரெண்டும் எப்படின்னு கேப்ப. அன்னைக்கு அது முரண்பாடா அவருக்கு படல. காந்தி இறந்ததும் நம்ம நாகர்கோவில் நகராட்சி பூங்காவுல சொந்த செலவுல நினைவுத் தூண் கட்டினாரு. நீ சின்ன வயசுல அந்த பூங்காவுல விளையாடியிருப்ப. 1951ல ரஷ்யாவுக்கும் போய்ட்டு வந்தாரு. அதே வருஷம் மணமகள் டைரக்ட் பண்ணாரு, கருணாநிதி வசனம், பத்மினி தமிழ்ல கதாநாயகியா வந்த முதல் படம். 1952ல பணம், அதுவும் இவரு டைரக்ஷன்தான், சிவாஜிக்கு பராசக்திக்கு அடுத்த படம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இரட்டையரா இசையமைச்ச முதல் படம். அதுல தி.மு.க. எழுத்த வச்சு ஒரு பாட்டு பாடுவாரு, சென்சார் விடாதுன்னு அதுக்கு திருக்குறள் முன்னணிக் கழகம்னு விளக்கம் குடுத்து பாடினாரு. தியேட்டர்ல உக்காந்திருந்த ஒவ்வொருத்தருக்கும் புரிஞ்சுது.

டைரக்டரா அவரு எப்படின்னு கேட்டா, உண்மையச் சொல்றேன், ரெண்டு படத்துலயும் கதை நகர்ற வேகம் எனக்கு திருப்தி இல்ல, மேடை நாடகத்துக்கு முன்னாடி கேமராவ வச்ச மாதிரி பல இடம். நடிகருங்கள கண்டுபிடிச்சு முன்னாடி தள்ளுறதுலதான் அவரு பலம். அப்புறம் காமெடி காட்சிகள்லயும் சிலது இன்னைக்கு பாக்க நெருடும், புருஷன் பொண்டாட்டி சண்டை வர்ற இடத்துல பழைய காலத்து புத்தி சிலது எட்டிப் பாக்கும். அதையும் சேத்துதான் பாக்கணும்.

வில்லுக்கு அவரு திருப்பிக் குடுத்தது இன்னொரு கதை. சினிமாவுல பேரு வாங்கினதும் மேடையில வில்லுப்பாட்ட எடுத்தாரு, சாமி கதை பாடுற வில்லுல காந்தி கதை பாட வச்சாரு. 1948ல திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருத்தர மெட்ராஸுக்கு கூட்டிக்கிட்டு போனாரு, அவருதான் சுப்பு ஆறுமுகம். கலைவாணருக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதினாரு, கூடவே வில்லையும் விடாம பிடிச்சுக்கிட்டாரு, ரேடியோ, டிவி, வெளிநாடுன்னு கொண்டு போனாரு. 2021ல பத்மஸ்ரீ, 2022ல காலமானாரு. கோவில் கொடைய தாண்டி வில்லுன்னா என்னன்னு மெட்ராஸ்காரங்களுக்கு தெரிஞ்சதுக்கு முதல் காரணம் கலைவாணர். நம்ம ஊர்ல பல வில்லுக்காரங்க பேரு வெளிய தெரியாமலே போச்சு, அத நினைச்சா வருத்தம்தான், ஆனா அந்தக் கலைக்கு ஒரு வாசல் திறந்துவிட்டாரு.

கடைசி வருஷங்கள்லயும் அவரு மங்கிப் போகல. 1955ல முதல் தேதி, மாசச் சம்பளக்காரன் பாடு, அதுல சம்பளம் வந்த மொத இருபது நாளும் மீதி பத்து நாளும் எப்படி இருக்கும்னு ஒரு பாட்டு, இன்னைக்கும் ஒண்ணாந் தேதி ஆனா எங்கயாவது கேக்கும். 1956ல ராஜா ராணி, சிரிப்புல எத்தன வகை இருக்குன்னு பாடிக்கிட்டே ஒவ்வொண்ணா சிரிச்சுக் காட்டுவாரு, வேற யாரும் அத செய்ய முடியாது, முயற்சி பண்ணினவங்க எல்லாம் தோத்துப் போனாங்க. 1957 ஆரம்பத்துல வந்த சக்கரவர்த்தி திருமகள்ல அவரும் எம்.ஜி.ஆரும் பாட்டுலயே கேள்வி பதில் போட்டி போடுவாங்க. நான் மேல சொன்ன வில்லு கேள்வி பதில் இருக்கே, அதோட தெளிவான வடிவம் அந்த காட்சிதான். ஒருத்தர் கேக்க, ஒருத்தர் சொல்ல, சுத்தி நிக்கிற ஜனம் நடுவர்.

அதே 1957 தேர்தல்ல அண்ணா காஞ்சிபுரத்துல நின்னாரு, எதிர்த்து நின்னது ஒரு டாக்டர், ஊர்ல நல்ல பேரு. கலைவாணர் பிரச்சாரத்துக்கு போனாரு. மேடையில ஏறி டாக்டர புகழோ புகழ்னு புகழ்ந்தாராம், எவ்வளவு நல்ல மனுஷன், ராத்திரி பகல் பாக்காம வைத்தியம் பாப்பாருன்னு. கூட்டமே குழம்பிப் போச்சு. கடைசியில, இப்படிப்பட்ட டாக்டர சட்டசபைக்கு அனுப்பிட்டா உங்களுக்கு யாரு வைத்தியம் பாப்பா, அவர ஊர்லயே வச்சுக்குங்க, அண்ணாவ அனுப்புங்கன்னு முடிச்சாராம். இது வாய்வழியா பல பேரு சொல்லிக் கேட்ட கதை, வார்த்தை ஆளுக்கு ஆளு மாறும். அண்ணா ஜெயிச்சாரு. எதிராளிய ஒரு வார்த்தை குறைச்சுப் பேசாம தோக்கடிக்கிற அந்த முறைதான் அவரு காமெடி முழுக்க இருக்கு. ஒருத்தன் நிறத்த, உடம்ப, ஊனத்த வச்சு சிரிக்க வச்சே பிழைப்பு நடத்தின காமெடி அவருக்கு அப்புறம் எவ்வளவு வந்துச்சுன்னு உனக்கே தெரியும். அவரு அதுல நிக்கவே இல்ல.

கையில வந்த பணம் எல்லாம் குடுத்தே தீத்தாரு. வழக்குல போனது ஒரு பக்கம், கேட்டவங்களுக்கு குடுத்தது ஒரு பக்கம். ஒழுகினசேரியில மதுரம் பேர்ல மதுர பவனம்னு ஆசையா கட்டின வீடு, அது பாழடைஞ்சு கிடந்தத நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் பாத்தோம், அந்த விஷயத்துல ஊரா நாம இன்னும் அக்கறை காட்டியிருக்கணும்னு எனக்கு ஆதங்கம் உண்டு.

1956 நவம்பர் 1ஆம் தேதி நம்ம கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேந்துச்சு. அதுக்காக நடந்தது நேசமணி ஐயா காலத்துப் போராட்டம், 1954ல மார்த்தாண்டம், புதுக்கடையில துப்பாக்கிச் சூடு, எத்தன உயிரு போச்சு. ஊர் தமிழ்நாட்டோட சேந்த அந்த நாள கலைவாணர் பாத்தாரு. வாழ்நாள் முழுக்க பேருக்கு முன்னாடி நாகர்கோவில வச்சுக்கிட்டு மெட்ராஸ்ல வாழ்ந்த மனுஷன், அவரு ஊரு அவரு பேசுற மொழிக்காரங்களோட சேந்ததுக்கு அப்புறம் ஒரு பத்து மாசம்தான் இருந்தாரு. 1957 ஆகஸ்ட் 30, மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில காலமானாரு. வயசு நாப்பத்தெட்டு. சில இடத்துல நாப்பத்தொம்பதுன்னு போடுவாங்க, கணக்கு பாத்தா நாப்பத்தெட்டுதான். மதுரம் 1974 வரைக்கும் இருந்தாங்க.

மெட்ராஸ் தி.நகர்ல இருக்குற சிலைய 1969 ஜனவரி 14 பொங்கல் அன்னைக்கு அண்ணா திறந்து வச்சாரு. அண்ணாவுக்கு அப்ப புற்றுநோய் முத்திப் போச்சு, அதுதான் அவரு கலந்துக்கிட்ட கடைசி பொதுநிகழ்ச்சி, பிப்ரவரி 3 அவரும் போயிட்டாரு. முதலமைச்சரா இருந்த ஒருத்தரு, எழுந்து நிக்கவே கஷ்டப்பட்ட நேரத்துல, ஒரு சிரிப்பு நடிகரோட சிலைய திறக்க வந்தாருன்னா அது வெறும் நட்பு மட்டும்னு நான் நினைக்கல, அந்த மனுஷன் என்ன செஞ்சிருக்காருன்னு அண்ணாவுக்கு தெரியும்.

ஒரு சின்ன விஷயம், இதோட சம்பந்தம் இருக்குறதால. மலையாள சினிமாவோட தந்தைன்னு சொல்ற ஜே.சி. டேனியல் நம்ம அகஸ்தீஸ்வரத்துக்காரரு. மலையாளத்துல பெரிய நடிகரா இருந்த திக்குறிச்சி சுகுமாரன் நாயர், பேருலயே ஊர் இருக்கு, மார்த்தாண்டம் பக்கத்துல திக்குறிச்சி. இவ்வளவு சின்ன மாவட்டத்துல இருந்து ரெண்டு மொழி சினிமாவுக்கும் ஆளு போயிருக்காங்க. இத நம்ம பள்ளிக்கூடத்துல யாராவது பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறாங்களான்னு தெரியல, சொல்லணும்.

சரி, உன் கேள்விக்கு வர்றேன். கிளிப்ப விட்ரு. லீவுக்கு வர்றப்ப முதல்ல நல்லதம்பிய முழுசா பாரு, முடியலைன்னா கிந்தனார் பகுதிய மட்டுமாவது ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நடுவுல தள்ளாம பாரு. அடுத்து சக்கரவர்த்தி திருமகள் கேள்வி பதில் காட்சி. அப்புறம் ராஜா ராணி. சந்திரலேகா வேற எதுக்காகவும் பாக்க வேண்டிய படம்தான், அதுல மதுரம் வர்ற இடத்த விடாத. முப்பதுகள்ல வந்த படங்கள கடைசியா வச்சுக்க, ஒலிப்பதிவு மோசம், பேச்சு புரியாது, எடுத்த உடனே அத பாத்தா சலிச்சுப் போயிடும். அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யலாம், ஊர்ல ஏதாவது கோவில்ல கொடை நடந்தா ராத்திரி போய் வில்லு முன்னாடி ஒரு மணி நேரம் உக்காரு, குடம் அடிக்கிறவரையும் பின்பாட்டுக்காரரையும் கவனி, அவங்க எங்க குறுக்க பேசுறாங்க, ஜனங்க எங்க சிரிக்கிறாங்கன்னு பாரு. அப்புறமா நல்லதம்பிய போடு. அதுக்கப்புறமும் சிரிப்பு வரலைன்னா எனக்கு சொல்லு, எந்த இடம்னு சொல்லு, உக்காந்து பேசுவோம்.